உளி என்றால் சிலை செதுக்கும் கருவி மட்டும்தானா?

மூன்றாம்தெரு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு.

மகள் ஐந்தாம் வகுப்பு. அவளுடைய தமிழ்ப் பயிற்சிப் புத்தகத்தில் "உளி: சிலை செதுக்க உதவும் கருவி" என்று போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் தாத்தாவின் சாமான் பையிலிருந்து ஒரு உளியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த கருங்கல் சில்லு ஒன்றில் பிள்ளையார் செய்ய ஆரம்பித்திருக்கிறாள். அதுவும் இரும்புச் சுத்தியலால். நாலே அடி. உளியின் வாய் போய்விட்டது.

என் அப்பா மரத்தச்சர். வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது, ஆனால் பையை யாரும் தொடக்கூடாது. பேத்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "உளின்னா என்னன்னு நீ பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலையா?" என்றார். புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப இழைப்புளி எந்தச் சிலையைச் செதுக்குது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆக இரண்டு கேள்வி. ஒன்று, உளி என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், எதற்கெல்லாம் சொல்வார்கள்? இரண்டு, அந்த உளியைக் காப்பாற்ற முடியுமா? ஆறு நூல் உளி. நாற்பது வருடத்துக்கு முந்தையது.

---

பொடிநடை

பிள்ளையார் எதுவரை வந்தார் என்று சொல்லவே இல்லையே.

---

மூன்றாம்தெரு

தும்பிக்கைகூட வரவில்லை. கல்லில் நாலு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

---

கொல்லுப்பட்டறை

மூன்றாம்தெரு, முதலில் இரண்டாவது கேள்வி. வாய் எவ்வளவு தூரம் உடைந்திருக்கிறது? முனையில் மட்டும் பல் பல்லாகப் போயிருந்தால் பயமே இல்லை, தேய்த்து எடுத்துவிடலாம். மேலே வரைக்கும் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருந்தால் கதை வேறு. நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் தாத்தா காலத்திலிருந்து கொல்லுவேலை. மர உளி, கல் உளி இரண்டுமே அடித்திருக்கிறோம். பெயர்தான் ஒன்று, பிறவி வேறு. மர உளி அகலமான தகடு, ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்த்திருக்கும், மறுபக்கம் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்கணும். மரக் கைப்பிடி, கைப்பிடி பிளக்காமல் இருக்கத் தலையில் ஒரு பூண். அடிப்பது கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால், இரும்புச் சுத்தியலால் அடித்தால் கைப்பிடி தலை விரித்துவிடும். கல் உளிக்குக் கைப்பிடியே கிடையாது. முழு இரும்புக் கம்பி, முனையில் கூர் அல்லது சின்னப் பட்டை, இரண்டு பக்கமும் சாய்வு, தடித்த வாய். கருங்கல் மரம் மாதிரி சீவு சீவாக வராது, பொடிப்பொடியாக உதிரும். மர உளியின் மெல்லிய வாய்க்கு அது சாவு.

பிள்ளைமேல் தப்பில்லை. "சிலை செதுக்க" என்று எழுதினவர் எந்தச் சிலை என்று எழுதியிருக்கலாம்.

---

ஏட்டுச்சுரை

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் தூக்கம் போய்விடும், மன்னிக்கவும், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் அப்பா கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. இழைப்புளியைப் பிரித்தால் இழைப்பு, உளி. சீவுளி என்றும் சொல்வார்கள். இரண்டும் மரத்தை வழவழப்பாக்குகிற கருவிக்குப் பெயர். அதில் சிலையும் இல்லை, செதுக்கலும் இல்லை, ஆனால் உளி இருக்கிறது.

சங்கப் பாட்டில் தேடினால் உளி இன்னும் விசித்திரமான இடங்களில் எல்லாம் வருகிறது. நாம் எதிர்பார்க்கிற உளி நெடுநல்வாடையில் இருக்கிறது. பாண்டியனின் அரசி படுத்திருக்கும் கட்டிலைச் சொல்லும்போது, நாற்பது வயதான யானையின் தந்தத்தை எடுத்து "வல்லோன் கூர்உளிக் குயின்ற" இலை வேலைப்பாடு என்று வரும். குயிலுதல் என்றால் குடைந்து செதுக்குவது. சரி, இது செதுக்குகிற உளிதான், ஆனால் கல்லில் அல்ல, தந்தத்தில்.

அடுத்து பெரும்பாணாற்றுப்படை. எயினர், அதாவது வேடர், வீட்டுப் பெண்கள் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். எதால்? தலையில் இரும்பு பூட்டிய கோலால். அந்தப் பூணுக்குப் புலவர் சொல்வது "உளிவாய்ச் சுரை". உளி போன்ற வாயுள்ள பூண். மண் கிண்டுகிற தடி அது!

மூன்றாவது, குறுந்தொகை 304:

"கொல்வினைப் பொலிந்த கூர்வாய் எறிஉளி
முகம்பட மடுத்த முளிவெதிர் நோன்காழ்"

உலர்ந்த மூங்கில் கழியின் முனையில் கொல்லன் வடித்த எறியுளியைச் செருகி, பரதவர் அதைக் கடலில் கொம்புடைய பெரிய மீன்மேல் எறிகிறார்கள். அகநானூறு 210-லும் அதே எறியுளி, அடிபட்ட பெருமீன், கடலில் கலக்கும் குருதி.

தந்தம், மண், மீன். இந்தப் பாட்டுகள் எதிலும் கற்சிலை இல்லை.

---

நெய்தல்நிலம்

ஐயா, எறியுளி என்று பள்ளியில் படித்திருக்கிறேன், ஆனால் உளி என்ற சொல் அதற்குள் இருப்பதை இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். எங்கள் கடற்கரையில் எறிந்து குத்துகிற அந்த ஈட்டிக்கு மண்டா என்றுதான் பெயர். என் பெரியப்பா திருக்கை குத்த வைத்திருந்தார். கழியின் முனையில் இரும்பு, இரும்பில் கயிறு. மீனில் தைத்ததும் கழி தனியாக மிதக்கும், கயிற்றைப் பிடித்து மீனை இழுப்பார்கள். பாட்டில் "வாங்குவிசை" என்று அடுத்த அடியில் வருகிறதே, இழுக்கிற வேகம், அதைப் படித்ததும் பெரியப்பாவின் கை ஞாபகம் வந்தது.

ஆனால் ஒருவர்கூட அதை உளி என்று சொல்லிக் கேட்டதில்லை. கடலில் அந்தச் சொல் எப்போதோ விழுந்துவிட்டது போல.

---

பொடிநடை

தெரியாமல் கேட்கிறேன். மரம் சீவுவது உளி, மண் கிண்டுவது உளி, மீன் குத்துவது உளி. அப்புறம் எதுதான் உளி இல்லை? கத்தியும் உளி, அரிவாளும் உளி என்று போய்விடுமே.

---

கொல்லுப்பட்டறை

போகாது. பட்டறையில் ஒரு கணக்கு உண்டு, யாரும் எழுதி வைத்ததில்லை, எங்கள் தாத்தா சொன்னது. வாய் பக்கவாட்டில் ஓடினால் கத்தி. வாய் நுனியில் இருந்தால் உளி.

கத்தியை, அரிவாளைப் பாருங்கள். கைப்பிடியிலிருந்து நுனி வரை நீளமாக வாய் ஓடும், இழுத்தோ வீசியோ வெட்டுவீர்கள். உளிக்கு உடம்பெல்லாம் மொண்ணை, கடைசி முனையில் மட்டும்தான் வாய். அதனால் வெட்டுவது இல்லை, தள்ளுவது அல்லது பின்னாலிருந்து அடிப்பது. அய்யா சொன்ன மூன்றும் இதில் அடங்குகிறதா பாருங்கள். மண் கிண்டுகிற கோல், முனையில் வாய். மீன் ஈட்டி, முனையில் வாய். தந்தம் குடைகிறது, முனையில் வாய்.

இழைப்புளியும் அதேதான். ஒரு மரக்கட்டை, நடுவில் சாய்வாக ஒரு பொந்து, அந்தப் பொந்தில் அகலமான ஒரு உளித் தகடு, அசையாமல் இருக்க ஒரு ஆப்பு. வேறு என்ன இருக்கிறது அதில்? பெட்டிக்குள் பூட்டின உளி. கையில் பிடித்து உளியைத் தள்ளினால் ஒரு இடத்தில் ஆழமாக, ஒரு இடத்தில் மேலாகப் போகும். கட்டை அந்த ஆழத்தை ஒரே அளவாக வைக்கிறது. மூன்றாம்தெரு அப்பா கேட்டதற்கு இதுதான் பதில்.

---

மூன்றாம்தெரு

இதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "யாருப்பா இது, தொழில் தெரிஞ்ச ஆளு" என்றார். இந்த வீட்டில் அது பெரிய பட்டம்.

உளியைப் பார்த்தேன். விரிசல் இல்லை. முனையில் மூன்று பல், அதில் நடுப் பல் ஆழம். ஒரு நூலுக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்கிறார் அப்பா.

---

பொடிநடை

நூல் நூல் என்கிறீர்களே, அது என்ன கணக்கு? தையல் நூலா?

---

மூன்றாம்தெரு

ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். ஆறு நூல் உளி என்றால் வாய் அகலம் முக்கால் அங்குலம். டேப்பில் மில்லிமீட்டர் வந்து எவ்வளவோ காலம் ஆகியும் மரவேலையில் நூல் போகவில்லை. எங்கள் அப்பாவிடம் "மூன்று மில்லி" என்றால் முகத்தைச் சுளிப்பார், "ஒரு நூல்" என்றால் உடனே விரலால் காட்டுவார்.

---

பாலக்காட்டான்

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சேதி. மலையாளத்திலும் உளி, உளிதான். கன்னடத்திலும் உளி. தெலுங்கில் ளகரம் லகரமாகி உலி. ஆக ஒரு மொழி இன்னொன்றிடம் கடன் வாங்கியது மாதிரித் தெரியவில்லை, பழைய பொதுச் சொத்து.

கேரளத்தில் அகலமான உளிக்கு வீதுளி என்று பெயர். அதைச் சொன்னதும் இங்கே யாருக்கும் பழங்கதைப் பெருந்தச்சன் ஞாபகம் வரும். பறையி பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவன், தச்சு வேலையில் அவனுக்கு மிஞ்சி ஆளில்லை, மகன் வளர்ந்து வரும் வரைக்கும். இருவரும் ஒரு கட்டடத்தில் வேலை செய்யும்போது மேலே இருந்த தகப்பன் கையிலிருந்து வீதுளி நழுவிக் கீழே இருந்த மகன் கழுத்தில் விழுந்தது. மகன் செத்தான். கை தவறியதா, பொறாமையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது "அவன் வேணும்னு போடலை" என்று ஒவ்வொரு தடவையும் முடிப்பாள். யாரும் கேட்காமலே.

---

கொங்குமஞ்சள்

உளி என்றதும் எனக்குச் சிற்பியும் வரவில்லை, தச்சரும் வரவில்லை. மத்தியான வெயிலில் தெருவில் வருமே ஒரு குரல், "அம்மி கொத்தறதே, ஆட்டாங்கல் கொத்தறதே" என்று, அதுதான் வருகிறது. தோளில் ஒரு சாக்குப் பை, உள்ளே ஒரு சுத்தி, இரண்டு மூன்று குட்டி உளி. எங்கள் அம்மிச்சி அவரைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுத்தான் கூலி பேசுவார்.

அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிட்டால் மிளகாய் நைந்து போகும், அரையாது. உளியால் முகம் முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளியாகக் கொத்தி விட்டால் மறுபடி சொரசொரப்பு வரும். கொத்தின அன்றைக்குச் சமையலுக்கு அரைக்கக் கூடாது. முதலில் தவிடு போட்டு அரைத்து வழித்துக் கொட்டுவார்கள், கல்பொடி போக. நான் அவசரப்பட்டுத் தேங்காய் அரைத்து, சட்னியில் நறநறவென்று மண் கடித்ததும், அம்மிச்சி ஒரு வாரம் சொல்லிக் காட்டியதும் தனிக் கதை.

இன்னொன்று. பதிலே சொல்லாமல் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும் ஆளை எங்கள் வீட்டில் "கல்லுளிமங்கன்" என்பார்கள். அதில் இருப்பதும் இந்த உளிதானே? யார் அந்த மங்கன்?

---

ஏட்டுச்சுரை

நல்லதைக் கிளப்பினீர்கள், அம்மா. பழமொழியாகக் கேட்டது "கல்லுளிச்சித்தன் போன வழி காடுமேடெல்லாம் தவிடுபொடி". பேச்சில் சித்தன் போய் மங்கன் வந்து உட்கார்ந்துகொண்டான். பழமொழியில் இருப்பவன் போகிற இடத்தையெல்லாம் உடைத்துக்கொண்டு போகிறவன், கல் உடைக்கும் உளி மாதிரி. இன்றைக்கு நாம் சொல்வது அதற்கு நேர்மாறு, அசையவே அசையாதவன், வாய் திறக்காதவன். உளியாக இருந்தவன் கல்லாகிவிட்டான். பொருள் இப்படிக் கரணம் அடிப்பது தமிழில் அபூர்வம் இல்லை. நாற்றம் என்ற சொல்லுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் கொத்துதல் என்கிறீர்கள். தெற்கே சில ஊர்களில் அம்மி பொளிதல் என்பார்கள். பொளித்தல் பழைய சொல். குறுந்தொகை 37-இல் பெண் யானையின் பசியைத் தீர்க்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது, "மென்சினை யாஅம் பொளிக்கும்". காட்டில் யானை செய்ததும் திண்ணையில் உளிக்காரர் செய்வதும் ஒரே வினைச்சொல். அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்கு நடத்தும்போது அம்மி பொளிவதைச் சொல்லித்தான் புரிய வைப்பேன். கடைசிப் பத்து வருடம் அதுவும் எடுபடவில்லை. மிக்ஸி வந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யானையைத்தான் தெரிந்திருந்தது.

---

வேர்ச்சொல்வேந்தன்

இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை. உள் என்பதுதான் வேர். உள்ளே போவது உளி. உள்ளேயிருந்து அரிப்பது உளு, அதனால்தான் உளுத்த மரம். நிலத்துக்கு உள்ளே போவது உழு. கரடிக்கு உளியம் என்று பெயர், ஏன்? உளி போன்ற நகம். எல்லாம் ஒரே குடும்பம். தமிழில் காரணம் இல்லாத பெயரே இல்லை.

---

ஏட்டுச்சுரை

கரடிக்கு உளியம் என்ற பெயர் உண்மை. திருமுருகாற்றுப்படையில் "குடாஅடி உளியம்" இருக்கிறது. ஆனால் அங்கே புலவர் பார்ப்பது வளைந்த காலடியையும் பனஞ்செறும்பு போன்ற மயிரையும். நகத்தைப் பற்றிப் பேச்சில்லை. உளி நகம் அழகான கற்பனை, நானும் வகுப்பில் சொல்லியிருப்பேன், "இருக்கலாம்" என்று சேர்த்து.

உளு, உளி நெருக்கம் எனக்கும் பிடிக்கிறது. உழுவை அதில் சேர்க்கத் தயங்குவேன். ளகரமும் ழகரமும் இன்றைய நாக்கில்தான் ஒன்று. பழைய தமிழில் இரண்டையும் குழப்பினால் பொருளே மாறும். "உற்றுழி உதவியும்" என்று புறநானூறு 183 தொடங்குகிறது. அங்கே உழி என்றால் இடம், பொழுது. ஆசிரியருக்குத் துன்பம் வந்த இடத்தில் உதவு என்கிறான் பாண்டியன். என் மாணவன் ஒருவன் தேர்வில் "உற்றுளி" என்று எழுதி, "ஆசிரியருக்கு உளி வாங்கிக் கொடுத்து உதவ வேண்டும்" என்று விளக்கமும் எழுதினான். அரை மதிப்பெண் போட்டேன், துணிச்சலுக்கு.

---

பொடிநடை

அய்யா, அந்தப் பையன் நான் இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். திருக்குறளில் "இயல்புளிக் கோலோச்சும்" என்று ஒன்று உண்டே. அந்த உளி? ராஜா உளியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்?

---

ஏட்டுச்சுரை

545-ஆம் குறள். "இயல்புளிக் கோலோச்சும் மன்னவன் நாட்ட / பெயலும் விளையுளும் தொக்கு." அது கருவியே இல்லை. முறைப்படி ஆட்சி செய்கிறவன் நாட்டில் மழையும் விளைச்சலும் சேர்ந்தே இருக்கும் என்பது பொருள். "முறைப்படி" என்பதில் அந்தப் "படி" செய்கிற வேலையை இங்கே உளி செய்கிறது. மூன்றாம் வேற்றுமைப் பொருள் தரும் இடைச்சொல் என்பார் பரிமேலழகர். உருவம் ஒன்று, ஆள் வேறு. ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்களே, அப்படி.

---

கடல்மல்லை

தாமதமாக வருகிறேன். மாமல்லபுரத்தில் சிற்பம் படித்தவன். 1957-இல் தொடங்கிய பள்ளி, இப்போது அரசு கட்டடக் கலை, சிற்பக் கல்லூரி. எங்களுக்கு முந்தைய தலைமுறை கணபதி ஸ்தபதியிடம் பாடம் கேட்டது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பியவர் அவர்.

மரத்துக்காரர்கள் இவ்வளவு பேசினபிறகு கல்லுக்காரன் கொஞ்சம் பேசலாமா? "உளி என்றால் சிலை" என்று புத்தகம் எழுதியதில் பாதி நியாயம் உண்டு. மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் உளி வலி தாங்கின கல்தான் சிலையாகும் என்று சொல்லிச் சொல்லி, சொல்லைக் கல்லோடு ஒட்டிவிட்டார்கள். கல்லுக்கு வலிக்கிறதோ இல்லையோ, உளிக்கு வலிக்கும். கருங்கல்லில் கொஞ்ச நேரம் அடித்தாலே முனை மழுங்கிவிடும். அதனால் கல்வேலை நடக்கிற இடத்தில் கொல்லுலை பக்கத்திலேயே இருக்கும். மழுங்கின உளிகளை உலையில் சிவக்கக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, முனையை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுப்பார்கள். மேலே இருக்கிற சூடு முனைக்கு இறங்கி வரும். முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பார்த்தால் வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம். எந்த நிறத்தில் மறுபடி தண்ணீரில் முக்குகிறோம் என்பதில்தான் தோய்ச்சல், அதாவது முனையின் பதம். முந்தினால் முனை கண்ணாடி மாதிரி உடையும், பிந்தினால் வளையும். சிற்பி கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் தோய்ச்சல் வைத்தவர் கண் சரியில்லை என்றால் அன்றைக்கு வேலை ஓடாது.

இப்போது பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த உளி. நாள் கணக்கில் உழைக்கும். முதல் கட்ட வேலைக்கு மின் அறுப்பான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது காதில் விழுவது டிங் டிங் இல்லை, கீச்சென்ற ஒரு சத்தமும் வெள்ளைத் தூசியும்தான். முகத்துக்கும் கண்ணுக்கும் வரும்போது மட்டும் பழைய உளி வெளியே வரும்.

உளி எப்படிப் போயிருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஐந்து ரதத்தோடு திரும்பிவிடாதீர்கள். பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் இரண்டும் பாதியில் நிற்பவை. முடிந்த சிற்பத்தில் உளி தன் தடத்தைத் தானே அழித்துவிடும். முடியாததில்தான் அடி அடியாகத் தெரியும். ஊருக்குள் பாறைகளில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருக்கும், ஆப்பு இறக்கிப் பிளக்க வெட்டினவை. சுற்றுலா வருபவர்கள் அதில் காலை வைத்து ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

---

கொங்குமஞ்சள்

சாமி சிலைக்குக் கண் திறக்கும்போது தங்க உளி என்கிறார்களே, தங்கம் கல்லை எப்படிச் செதுக்கும்?

---

கடல்மல்லை

செதுக்காதுதான், அக்கா. கண்ணைச் செதுக்கும் வேலையை இரும்பு உளி செய்துவிடும். திரை போட்டு ஸ்தபதி உள்ளே போய் நல்ல நேரத்தில் பொன் ஊசியாலோ பொன் உளியாலோ கண்ணில் கோடிடுவது சடங்கு. வேலை இரும்புக்கு, மரியாதை தங்கத்துக்கு.

---

வேர்ச்சொல்வேந்தன்

நுனியில் வாய் இருந்தால் உளி என்ற பட்டறைக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. கடப்பாரைக்கும் நுனியில்தான் வாய். அதை ஏன் உளி என்று யாரும் சொல்வதில்லை? நல்வழியில்கூட "நெட்டிருப்புப் பாரை" என்றுதான் இருக்கிறது. வேலுக்கும் நுனியில்தான் முனை. கொட்டாப்புளிக்கு வாயே இல்லை, ஆனால் பெயரில் உளி இருக்கிறது.

---

கொல்லுப்பட்டறை

கொட்டாப்புளியில் உளி இல்லை சாமி, புளி. எங்கள் பக்கம் புளியமர வைரத்தில் செய்வதால் அப்படிப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

---

ஏட்டுச்சுரை

இரண்டும் சந்தேகம். கொட்டாப்பிடி என்றும் அதே சாமானுக்குப் பெயர் உண்டு. பிடி புளியாகத் திரிந்ததா, புளி பிடியானதா? "கொட்டு, ஆப்பு, உளி" என்று மூன்றாகப் பிரித்துச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காதுக்கு இனிமையாக இருக்கும் பிரிப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

கடப்பாரை பற்றிய கேள்வி நியாயம். எனக்குத் தோன்றுவது, உளிக்குப் பின்னால் இன்னொன்று வேண்டும். அடிக்கும் சுத்தியோ, தள்ளும் கட்டையோ, செருகின கழியோ. உளி தனியாக எதுவும் செய்வதில்லை. எறியுளிக்கு மூங்கில், உளிவாய்ச் சுரைக்குக் கோல், இழைப்புளிக்குக் கட்டை. பாரையை நேரே இரண்டு கையால் தூக்கிக் குத்துகிறோம், அதுவே எடை, அதுவே வாய். ஆனால் வேல் வந்து இதையும் கெடுக்கிறது, அதற்கும் காம்பு உண்டே. ஒரு சொல்லுக்கு வேலி போட்டால் இப்படித்தான், ஒரு பக்கம் ஆடு நுழைந்துவிடும்.

---

நெறியாளர்

வேல் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கவும். முன்அனுபவம் காரணமாகச் சொல்கிறேன்.

---

மூன்றாம்தெரு

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. உளியை எப்படித் தேய்ப்பது என்று கொல்லுப்பட்டறை அண்ணன் சொன்னால் இந்த வாரமே செய்துவிடுவேன். பக்கத்தில் ஒரு பட்டறையில் மின் சாணை இருக்கிறது, அங்கே கொடுத்துவிடலாமா?

---

கொல்லுப்பட்டறை

கொடுக்கலாம், நீங்கள் கூடவே நின்றால். மின் சாணையில் அழுத்திப் பிடித்தால் நொடியில் சூடாகும். முனை நீலமாகிவிட்டால் தோய்ச்சல் போச்சு, அதன்பிறகு அது உளி மாதிரி இருக்கும் தகடு. லேசாகத் தொட்டுத் தொட்டு எடுக்கணும், ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் முக்கணும். விரலால் தொட முடியாத சூடு வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

முதலில் நடுப் பல்லின் அடிவரைக்கும் வாயை நேராகத் தேய்த்துக் கொண்டுவரணும், மட்டம் வைத்துப் பார்த்து. அப்புறம் பழைய சாய்வு. அந்தச் சாய்வை மாற்ற வேண்டாம், உங்கள் அப்பா கை அதற்குப் பழகியிருக்கும். கடைசி வேலை கையால்: எண்ணெய் விட்ட கல்லில் சாய்வுப் பக்கத்தைத் தேய்க்கணும், மறுபக்கம் கல்லில் தட்டையாகப் படியணும், கொஞ்சம்கூடத் தூக்கக் கூடாது. அந்தப் பக்கம் உருண்டுவிட்டால் உளி நேராகப் போகாது. முன்கை மயிரில் வைத்துப் பார்த்தால் வழிக்கணும்.

கைப்பிடி தலையில் பூண் ஆடுகிறதா என்றும் பாருங்கள். இரும்புச் சுத்தியல் பட்டிருக்கிறது என்றீர்கள்.

---

மூன்றாம்தெரு

சனிக்கிழமை. அப்பாவும் வந்தார். பட்டறையில் தம்பி ஒருவர் சாணையை ஓட்ட, அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு நின்று, அவர் எடுக்கும் முன்னாலேயே "போதும், போதும், முக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீலம் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் எண்ணெய்க் கல்லில் தேய்த்தார். என்னைத் தொட விடவில்லை, பேத்திக்குக் கடைசியில் பத்து இழுப்பு கொடுத்தார். நீளத்தில் ஒன்றரை நூல் போய்விட்டது. வாய் வந்துவிட்டது.

மகள் புத்தகத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "மரம், கல், மண், மீன்" என்று எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்க்கணும். கருங்கல் சில்லு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. கடல்மல்லை அண்ணா, பிள்ளைகள் பழகுவதற்கு மென்மையான மாக்கல் எங்கே கிடைக்கும், கல்லில் அடிக்கிற சின்ன உளி ஒன்று என்ன விலை?